பென்சிலில் போட்ட புள்ளிகள்

ஈஸ்வரி, என் ஒரே தங்கச்சி,

முப்பத்து நான்கு வருடம் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறேன். மண்சரிவு, சம்பளப் போராட்டம், கோயில் தேர், விளையாட்டுப் போட்டி என்று மாத்தளை மாவட்டத்தில் நடந்தவற்றில் பாதியையாவது என் கை எழுதியிருக்கும். உனக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை. அரை மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கிற தங்கச்சிக்கு எதற்குக் கடிதம் என்று இருந்துவிட்டேன்.

முதலில் வீட்டுச் செய்தி. மச்சான் சுகம். உன் மிளகுக் கொடிகள் இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கின்றன. பறிக்க ஆள் இல்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் முறையிடுகிறார். சோறு வடிக்கப் பழகிவிட்டார். குழம்பு இன்னும் பக்கத்து வீட்டிலிருந்துதான் வருகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ ஆஸ்பத்திரிக்குப் போன அந்தக் காலையை அவர் யாரிடமும் பேசுவதில்லை. பதினோரு மாதம் ஆகிறது.

இனி நான் எழுத வந்த செய்தி. முக்கியமான விஷயத்தை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று புதிய நிருபர்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னவன் நான். ஆகவே சொல்லிவிடுகிறேன். பத்து வருடத்துக்கு முன் உன் வகுப்பைப் பற்றி நான் எழுதிய செய்தி பிழை. அது பிழை என்று எனக்குத் தெரிய வந்து ஆறு வாரம் ஆகிறது.

ஆறு வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரத்தோட்டையிலிருந்து ஒருவர் போன் செய்தார். பெயர் முருகேசு. தர்ஷினி என்ற அவருடைய மகள் நீ படிப்பித்த அதே பாடசாலையில் பத்தாம் தரத்தில் இருக்கிறாள்.

“சேர், அந்தக் காலத்துல இலக்கியப் பாடத்துல புள்ளி குறைச்ச டீச்சரப் பத்தி எழுதுனது நீங்கதானே?”

“நான்தான்.”

“அதே கூத்து மறுபடி நடக்குதுங்க. வேற டீச்சர், அதே கூத்து. என் மகளுக்கு இருபதுக்கு அஞ்சு. மத்த எல்லாத்துலயும் ஏ எடுக்கிற புள்ள சேர். லிஸ்ட்ட போட்டோ புடிச்சு வச்சிருக்கேன், அனுப்பவா?”

அந்த டீச்சர் என் தங்கச்சி என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்குள் முதலில் எழுந்தது என்ன என்பதை உன்னிடம் மறைத்துப் பயனில்லை. சந்தோஷம். தொடர்செய்தி ஒன்று கையில் விழுந்த சந்தோஷம். பத்து வருடம் ஆகியும் மாறாத பாடசாலை என்று தலைப்புக்கூட மனதில் ஓடியது. நீ போய் ஒரு வருடம் ஆகவில்லை, ஈஸ்வரி. என் மனம் அப்படித்தான் வேலை செய்தது.

மறுநாள் பஸ் ஏறினேன். இந்த முறை ஆசிரியை என் தங்கச்சி அல்ல. ஆகவே அவருடைய பக்கத்தையும் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டே போனேன். இந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போதுதான் அது எவ்வளவு கோணலானது என்று தெரிகிறது.

ஆசிரியர் அறையில் எனக்கு ஒரு கதிரை போட்டார்கள். எதிரே வந்து உட்கார்ந்தவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.

“என்னைத் தெரியலீங்களா சேர்? சிவப்பிரியா. மிளகுக்கடை செல்வராஜ் மகள்.”

செல்வராஜை எனக்கு மறக்குமா? உன்னைப் பற்றிய அந்த முறைப்பாட்டை என்னிடம் கொண்டுவந்தவரே அவர்தான். அன்று இருபதுக்கு ஆறு புள்ளி எடுத்த மகள் இவள்தான். இன்று அதே பாடசாலையில், நீ நின்ற அதே வகுப்பில், இலக்கியம் படிப்பிக்கிறாள்.

முருகேசு அனுப்பிய போட்டோவைக் காட்டினேன். அவள் கோபப்படவில்லை. அலுமாரியைத் திறந்து அந்தத் தாளையே எடுத்து வந்து என் முன் வைத்தாள். பெயர்கள் பேனையில் இருந்தன. புள்ளிகள் பென்சிலில். அவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு நிரல். அதில் நாலைந்து பேருக்கு மட்டும் பேனையால் வேறு புள்ளி போட்டிருந்தது. மற்றவர்களுக்கு வெறுமை.

“இது முடியல சேர். புள்ளைங்க எழுதினதுக்கு மொதல்ல பென்சில்ல போடுவேன். அப்புறம் ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு, எழுதினதப் பத்திப் பேசுவேன். பேசினதுக்குப் பிறகுதான் பேனையில போடுறது. அதுதான் கணிப்பீட்டுக்குப் போற புள்ளி.”

“இது யாருடைய முறை?”

“ஒங்களுக்குத் தெரியாதுங்களா? ஈஸ்வரி டீச்சரோடது.”

என் கையில் இருந்த தாளில் பென்சில் வெள்ளியாக மின்னியது. பேனை மை நீலம். குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும். என் போனில் இருந்த போட்டோவைப் பார்த்தேன். அதில்கூட உற்றுப் பார்த்தால் தெரிந்தது. ஆனால் பத்து வருடத்துக்கு முன் செல்வராஜ் எனக்குக் கொண்டுவந்தது போட்டோ கொப்பி. போட்டோ கொப்பியில் பென்சிலும் கறுப்பு, பேனையும் கறுப்பு.

அன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்தது பாதி. என் பக்கத்துப் பாதியை நான் உனக்குச் சொன்னதே இல்லை.

செல்வராஜ் ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். நான்காக மடித்த கொப்பியை மேசையில் விரித்தார். முப்பத்தொரு பெயர். இருபத்தாறு பேருக்கு இருபதுக்கு ஏழுக்குக் கீழே. பிள்ளைகளின் விடைகளைப் பார்க்கலாமா என்று கேட்டேன். விடைத்தாள் டீச்சரிடம் இருக்கிறது என்றார்.

“ஒங்க தங்கச்சின்னு தெரிஞ்சுதான் சேர் வந்தேன். வேற பேப்பர்காரங்ககிட்டயும் போகலாம். நீங்க எழுதுவீங்களா, இல்ல மூடி மறைப்பீங்களான்னு பாக்கத்தான் இங்க வந்தேன்.”

அந்த வார்த்தை தைத்தது. தைக்கட்டும் என்றுதான் அவரும் சொன்னார். நான் விழுந்தேன்.

அவர் போன பிறகு அந்தப் பட்டியலை இரண்டு முறை எண்ணினேன். பெயர்களின் எழுத்துகளைச் சரிபார்த்தேன். இருபத்தாறு என்ற எண்ணிக்கை சரிதானா என்று விரல் வைத்து மறுபடி பார்த்தேன். புள்ளிகளுக்குப் பக்கத்தில் இரண்டாவது நிரல் ஒன்று வெறுமையாக இருந்ததையும் கண்டேன். கண்டேன், ஈஸ்வரி. ஏன் வெறுமை என்று கேட்கத் தோன்றவில்லை. எண்ணத் தெரிந்தவனுக்கு வெறுமையைக் கேட்கத் தெரியவில்லை.

பிறகு போனைக் கையில் எடுத்தேன். உன் நம்பர் மனப்பாடம். எடுத்த போனை வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால், நீ சொல்வதெல்லாம் எனக்கு நியாயமாகப் படும். பிறகு எழுத மாட்டேன். எழுதாவிட்டால் தங்கச்சிக்காக மறைத்தான் என்று பேச்சு வரும். ஆகவே உன்னைக் கேட்காமல் இருப்பதே நடுநிலை என்று முடிவெடுத்தேன். எதிர்த்தரப்பைக் கேட்காமல் எந்த முறைப்பாட்டையும் எழுதாதவன் நான். களவெடுத்துப் பிடிபட்டவனிடம்கூட ஒரு வார்த்தை கேட்டிருக்கிறேன். அந்த மரியாதை கிடைக்காதது உனக்கு மட்டும்தான். காரணம், நீ என் தங்கச்சி.

புதன்கிழமை செய்தி வந்தது. உன் பெயரைப் போடவில்லை, பாடசாலையின் பெயரையும் போடவில்லை. இரத்தோட்டையில் யாருக்குப் புரியாமல் இருக்கும்? அன்று பின்னேரம் நீ போன் எடுத்தாய்.

“அண்ணே, ஒரு போன் எடுத்திருக்கலாமே.”

“எடுத்திருந்தா நான் எழுதியிருக்க மாட்டேன்” என்றேன். அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

உன் பக்கத்தில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. பிறகு, “அப்ப சரி” என்றாய். “சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டிருச்சா?”

விட்டுவிட்டது என்றேன். அவ்வளவுதான் நம் பேச்சு. பென்சில் என்று ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை. அன்று மட்டுமா? ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் சொல்லவில்லை. ஏன்? சொன்னால் நான் கேட்க மாட்டேன் என்று நினைத்தாயா? அல்லது கேட்டுவிட்டால் இந்த அண்ணனின் நிலை என்ன ஆகும் என்று நினைத்தாயா? இரண்டாவதாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். முதலாவதாக இருந்தாலும் அதில் எனக்கு ஒரு மரியாதையும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். கல்வி அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். வந்தவர்கள் அந்தத் தாளை எடுத்துப் போனார்கள். உரிய நாளுக்குள் பேனையில் பதியப்படவில்லை என்பது உன்மேல் குற்றமானது. நீ பேசி முடிக்க வேண்டிய பிள்ளைகள் இருபதுக்கு மேல் இருந்தார்கள். நான் அந்தச் செய்தியை எழுதியிராவிட்டால், அடுத்த இரண்டு வாரத்தில் நீ எல்லோரையும் கூப்பிட்டுப் பேசி, அந்தப் பென்சில் எண்களை அழித்திருப்பாய். புள்ளி குறைவு என்று நான் எழுதினேன். நான் எழுதியதால்தான் அந்தக் குறைந்த புள்ளியே நிலைத்தது.

அதிபர் பிரச்சினையை முடிக்க நினைத்தார். உன்னிடமிருந்து இலக்கிய வகுப்பை எடுத்து, ஆறாம் ஏழாம் தரத்துக்குச் சுகாதாரம் கொடுத்தார். ஒன்பது வருடம் அதைத்தான் படிப்பித்தாய். ஒரு தீபாவளிக்கு உன் வீட்டில் நான் கேட்டேன், புதுப் பாடம் எப்படிப் போகிறது என்று. நீ வடைத் தட்டை என் பக்கம் நகர்த்தினாய்.

“சோக்கா போகுது அண்ணே. கை கழுவுறதுக்கு சரியான விடை ஒன்னுதான். சவுக்காரம் போடணும், தேய்க்கணும், கழுவணும். ஒரு அப்பாவும் முறைப்பாடு கொண்டுவர மாட்டார்.”

மச்சான் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. அந்தச் செய்தியை நான் பல வருடம் கதையாகச் சொல்லித் திரிந்தேன். பத்திரிகையின் வருடாந்தக் கூட்டத்தில், சொந்தத் தங்கச்சியையும் விடாத நிருபர் என்று என்னைக் காட்டிப் பேசினார்கள். கை தட்டினார்கள். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். என் மூத்தவளின் கல்யாணத்தில், சாப்பாட்டு மேசையில், மாப்பிள்ளை வீட்டாரிடம் அதையே மறுபடி சொன்னேன். நீ எதிரே உட்கார்ந்திருந்தாய். “அந்தச் செய்தி நான்தாங்க” என்று கையைத் தூக்கிக் காட்டினாய். எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தி அம்மா உனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார்.

அன்று உன் முகத்தை நான் பார்த்தேனா? பார்த்த ஞாபகம் இல்லை. எல்லாவற்றையும் குறித்துவைக்கிறவனிடம் அந்தக் குறிப்பு இல்லை.

ஆசிரியர் அறைக்கு வருகிறேன். சிவப்பிரியா என்னை வகுப்பின் கடைசி வாங்கில் உட்காரச் சொன்னாள். “நீங்களே பாருங்க சேர். பாத்துட்டு எழுதுங்க.”

பாடப் புத்தகத்தில் ஒரு சிறுகதை. மழைக்கு ஒரு வீட்டில் குடை இரவல் வாங்கியவன், அதைத் திருப்பிக் கொடுக்கப் போகிறான். வாசலில் நின்று பேசுகிறான், தேத்தண்ணி குடிக்கிறான், குடையைக் கொடுக்காமலே திரும்பி வருகிறான். அவன் ஏன் கொடுக்கவில்லை என்பது கேள்வி. வகுப்பில் பெரும்பாலோர், வறுமையின் கொடுமையை ஆசிரியர் தத்ரூபமாகச் சித்திரித்துள்ளார் என்று தொடங்கி, ஒரே ஐந்து வாக்கியங்களை ஒரே ஒழுங்கில் எழுதியிருந்தார்கள். டியூசன் வகுப்பில் கொடுத்த விடை. சிவப்பிரியா எனக்கு அந்தத் தாள்களைக் காட்டினாள். ஒன்றைப் படித்தால் முப்பதைப் படித்த மாதிரி.

முருகேசுவின் மகள் தர்ஷினியின் முறை அன்றைக்கு. மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கை இரண்டும் பின்னால்.

“குடைய ஏன்டி அவன் குடுக்கல?”

“வறுமைங்க டீச்சர்.”

“வறுமைன்னா வித்திருப்பான்ல?”

பின்வரிசையில் ஒருத்தி, “மழை இன்னும் விட்டிருக்காது டீச்சர்” என்றாள். வகுப்பு சிரித்தது. சிவப்பிரியாவும் சிரித்தாள். “ஒன் முறை வரும், அப்ப சொல்லு. தர்ஷினி, நோட்ஸ விடு. நீ கதைய வாசிச்சியா?”

“வாசிச்சேங்க.”

“அந்த வீட்டுல அவனுக்கு யாரு?”

“யாரும் இல்லீங்க. தெரியாத வீடு. ஆனா...” நிறுத்தினாள். சிவப்பிரியா அவசரப்படுத்தவில்லை. ஜன்னலுக்கு வெளியே ட்ரக்டர் ஒன்று போய் முடியும் வரை காத்திருந்தாள்.

“சொல்லு.”

“அங்க அவனை உக்காரச் சொன்னாங்க. தேத்தண்ணி குடுத்தாங்க. வேற யாரும் அவனை உக்காரச் சொன்னதா கதையில இல்லீங்க டீச்சர். குடைய குடுத்துட்டா, மறுபடி அந்த வீட்டுக்குப் போறதுக்கு ஒரு காரணம் வேணுமே. அதான் கொண்டாந்துட்டான்.”

சிவப்பிரியா பென்சிலால் போட்ட ஐந்தை அவளுக்கு முன்னாலேயே ரப்பரால் அழித்தாள். பக்கத்து நிரலில் பேனையால் பதினாறு என்று எழுதினாள். “நாலு எங்க போச்சுன்னு தெரியுமா?” என்று கேட்டாள்.

“எழுதலீங்க. சொல்லத்தான் சொன்னேன்.”

“இப்ப போய் எழுது.”

தர்ஷினி வாங்கில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒவ்வொரு தீபாவளிக்கும், ஒவ்வொரு பொங்கலுக்கும், உன்னைக் கேட்காமல் எழுதியது தப்பு என்ற ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு நான் உன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். நீ உட்காரச் சொல்வாய், தேத்தண்ணி தருவாய். அந்த வாக்கியத்தைக் கொடுக்காமலே பஸ் ஏறுவேன். என்னிடம் காரணம்கூட இல்லை. கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அது எனக்கு எப்போதும் திறந்திருந்த வீடு.

பாடம் முடிந்து வெளியே வந்தபோது சிவப்பிரியா ஒன்றை ஒளிக்காமல் சொன்னாள். “இது எல்லாருக்கும் சரிவராதுங்க சேர். பேச வராத புள்ளைங்க இருக்கு. ஒருத்தி அழுதுட்டா. அப்படிப் புள்ளைங்களுக்கு டீச்சர் ஒரு துண்டுக் கடதாசி குடுப்பாங்க, தனியா எழுதித் தரச் சொல்லி. நானும் குடுக்கிறேன். இன்டர்வெல் எல்லாம் இதுலயே போயிரும்.”

“உனக்கு அன்றைக்கு ஈஸ்வரி என்ன சொன்னாள்?”

“‘பென்சில்ல போட்டது ஒன் டியூசன் மாஸ்டருக்கு. பேனையில போடப்போறது ஒனக்கு’ன்னு சொன்னாங்க. என்னோட முறை வியாழக்கிழமை சேர். நான் ரெடியா இருந்தேன். புதன்கிழமை பேப்பர் வந்திருச்சு.”

“அப்பாவிடம் சொல்லவில்லையா, பென்சில் என்று?”

“சொன்னேன். ‘அதான் பேப்பர்லயே வந்திருச்சுல்ல’ன்னாரு.”

நான் எழுதியதால் அது உண்மையாகிவிட்டது. ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை உண்மையைச் சொல்லியும், என் செய்திக்கு முன்னால் அது நிற்கவில்லை.

“அன்றைக்கு நீ சொல்ல இருந்த பதில் என்ன?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவள் கொப்பிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “அது டீச்சருக்குச் சொல்ல இருந்தது சேர்” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பழைய கோப்பை எடுத்தேன். செல்வராஜ் தந்த கொப்பி அதில் அப்படியே இருந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பெயர்களைவிடப் புள்ளிகள் ஒரு துளி வெளிறியிருந்தன. சில இடங்களில் எண்ணுக்குக் கீழே, அழித்து மாற்றியதன் புகை மாதிரி ஒரு கறை. எல்லாம் அங்கேயே இருந்திருக்கிறது.

மறுநாள் பத்திரிகைக்குத் திருத்தம் ஒன்று எழுதி அனுப்பினேன். செய்தி ஆசிரியர் நல்ல பிள்ளை, என் மூத்தவளின் வயது. போன் எடுத்தார்.

“ஐயா, பத்து வருசத்துக்குப் பிறகு திருத்தமா? வாசிச்சவங்களுக்கே ஞாபகம் இருக்காதே. ஒங்களுக்கு ஏன் இந்த வயசுல இது?”

“எனக்கு ஞாபகம் இருக்கிறது.”

“செய்திப் பக்கத்துல போட வழியில்ல ஐயா. ஞாயிறுப் பக்கத்துக்கு ஒரு கடிதமா எழுதித் தாங்க. வெட்டாமப் போடுறேன்.”

ஆகவேதான் இந்தக் கடிதத்தை உன்னோடு சேர்த்து ஊரும் வாசிக்கிறது. செய்திப் பக்கத்தில் வர வேண்டியதை இங்கே வைக்கிறேன்: இரத்தோட்டைப் பகுதிப் பாடசாலை ஒன்றில் முப்பத்தொரு மாணவரில் இருபத்தாறு பேருக்கு இலக்கியப் பாடத்தில் ஏழுக்கும் குறைந்த புள்ளி வழங்கப்பட்டதாக நான் எழுதியது பிழை. அவை இறுதிப் புள்ளிகள் அல்ல. மாணவர்களோடு பேசிய பின் மாற்றப்படவிருந்தவை. ஆசிரியையிடம் நான் விளக்கம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். என் செய்தியால் முப்பத்தொரு பிள்ளைகளின் கணிப்பீடு பாதியில் நின்றது. ஓர் ஆசிரியை தன் பாடத்தை இழந்தார். அவர் என் தங்கச்சி.

முருகேசு மறுபடி போன் செய்தார். “சேர், எப்ப வருது?”

வராது என்றேன். காரணத்தை முழுதாகச் சொன்னேன், அந்த டீச்சர் யார் என்பதையும் சேர்த்து. “இன்றைக்கு மகளிடம் அந்தக் குடைக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். அதைக் கேட்டுவிட்டு என்னோடு சண்டைக்கு வாருங்கள்” என்றேன்.

இரண்டு நாள் கழித்து அவரே எடுத்தார். “சொன்னா சேர். வீட்டுல சோறு ஆறிப்போச்சு, அவ்வளவு நேரம் சொன்னா. இந்தப் புள்ளைக்கு இவ்வளவு பேச வரும்னு நான் நெனைக்கல.” பிறகு தொடர்ந்தார். “ஆனா சேர், ஒன்னு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அரசாங்கம் நடத்துற சாதாரண தரச் சோதனையில இவகிட்ட யாரு வந்து பேசுவா? அங்க பேப்பர் மட்டுந்தானே? டியூசன்ல குடுத்தத எழுதுற புள்ள ஏ எடுத்துட்டுப் போயிருமே?”

அந்தக் கேள்வியைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். அதற்குப் பதில் உனக்குத் தெரிந்திருக்கும். ‘இப்ப போய் எழுது’ என்று சிவப்பிரியா சொன்னாளே, அதுதான் உன் பதிலா? பேசிக் கண்டுபிடித்ததை எழுதப் பழக்கும் வரைதான் இந்தப் பென்சிலா? இதை உன்னிடம் கேட்க எனக்கு ஒன்பது வருடம் இருந்தது. உன் வீட்டு வடையைச் சாப்பிட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

முருகேசு சமாதானமாகிவிட்டார் என்று சொல்ல முடியாது. வேறு ஐந்தாறு பெற்றோரும் அதிபரிடம் போயிருக்கிறார்கள். வருகிற வியாழக்கிழமை பாடசாலையில் பெற்றோர் கூட்டம். சிவப்பிரியாவிடமிருந்து அந்த வகுப்பை எடுப்பதா விடுவதா என்பதுதான் பேச்சு. அவளுக்கும் சுகாதாரப் பாடம் காத்திருக்கிறதோ என்னவோ. அதைப் பற்றிக் கேட்டபோது, “பாப்போம் சேர்” என்றாள். அவளுடைய தாளில் இன்னும் பதினான்கு பிள்ளைகளுக்குப் பக்கத்து நிரல் வெறுமை.

ஈஸ்வரி, வியாழக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் நான் இரத்தோட்டைக்குப் போவேன். அந்தப் போட்டோ கொப்பியைக் கையில் கொண்டுபோவேன். பெற்றோருக்கு முன்னால் அதை விரித்து, நான் என்ன பார்த்தேன், என்ன பார்க்கவில்லை, யாரைக் கேட்கவில்லை என்பதை உன் பெயரையும் என் பெயரையும் சொல்லிச் சொல்வேன். அந்தப் பதினான்கு பிள்ளைகளும் பேசி முடிக்கும் வரைக்காவது பொறுங்கள் என்று கேட்பேன். செல்வராஜ் வந்தால் அவருக்கு முன்னாலும் சொல்வேன். கை தட்டினால் உட்கார்ந்துவிடுவேன்.

திரும்பி வரும்போது உன் வீட்டில் இறங்குவேன். மச்சானுக்கு மிளகு பறித்துக் கொடுப்பேன். ஒன்பது வருடம் கொண்டுவந்து கொண்டுவந்து திருப்பிக்கொண்டு போன அந்த வாக்கியத்தை உன் படத்துக்கு முன்னால் வைப்பேன்.

இந்தக் கடிதத்துக்கும் நீ புள்ளி போடாமல் இருக்க மாட்டாய். குறைத்தே போடு. ஆனால் பென்சிலில் போடு, தங்கச்சி. என் முறை வரும்போது வந்து பேசுகிறேன்.

அன்றைக்கு உன்னை மட்டும் கேட்காமல் விட்ட
உன் அண்ணன்